கொல்லன் தெருவில் ஊசி விற்பவர்கள்

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று ஒரு பழமொழி உண்டு. ஊசி செய்கிறவர்களிடமே ஊசியின் அருமையை எடுத்துச் சொல்லப் போகிறவனுக்கான எச்சரிக்கை அது. ஆனால் அந்த வியாபாரி தெரு தெரியாமல் வந்தவன். இது கொல்லர் தெரு என்று யாராவது சொன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். அன்றாட வாக்குவாதங்களில் ஆண்கள் பெண்களுக்குப் பாடம் எடுக்கும் வழக்கம் இதைவிடக் கடுமையானது. எதிரே இருப்பவருக்கு விஷயம் தெரியும் என்று சொன்ன பிறகும் அங்கே பேச்சு நிற்பதில்லை. வங்கியின் கடன் பிரிவில் இருபது ஆண்டு வேலை பார்த்த பெண்ணுக்கு உறவுக்கார ஆண் ஒருவர் வீட்டுக் கடனின் வட்டிக் கணக்கை அ, ஆ-விலிருந்து விளக்குகிறார். பதினைந்து ஆண்டாக ஸ்கூட்டர் ஓட்டும் பெண் தன் வண்டியின் கோளாறைச் சொல்லும்போது, மெக்கானிக் உடன் வந்த தம்பியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். வயலில் களையெடுத்து, நாற்று நட்டு, அறுவடை செய்து வளர்ந்த பெண்ணிடம் பயிரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பயிரைப் பற்றி அவருக்கு மற்றவர்கள்தான் சொல்கிறார்கள். இத்தகைய காட்சிகளைப் பார்க்காத குடும்பமோ அலுவலகமோ நம்மிடையே இல்லை.

விளக்கிச் சொல்வது குற்றமல்ல. மனிதர்கள் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லித்தான் அறிவு வளர்ந்தது. நல்ல ஆசிரியர், நல்ல மருத்துவர், நல்ல நண்பர் எல்லோரும் விளக்குகிறவர்களே. விளக்கம் அவமதிப்பாக மாறுவதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. அது கேட்கப்படாமல் வருகிறது. எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்று விசாரிக்காமல் தொடங்குகிறது. அவருக்குத் தெரியும் என்பது வெளிப்பட்ட பிறகும் நிற்க மறுக்கிறது. மூன்றாவது அடையாளமே முக்கியமானது. முதல் இரண்டும் அவசரத்தால் யாருக்கும் நேரலாம். மூன்றாவதை அவசரத்தின் கணக்கில் எழுத முடியாது. இந்த வழக்கத்தைப் பற்றிக் கடந்த அரை நூற்றாண்டில் மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் அரசியல் ஆய்வாளர்களும் ஏராளமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது நான் வந்தடையும் முடிவு இது: யார் அறிந்தவர், யார் கேட்டுக்கொள்ள வேண்டியவர் என்பது பேச்சு தொடங்குவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அந்த முன்முடிவே நோய். நீண்ட விளக்கம் அதன் அறிகுறி. இந்த நோய் புத்திமதியால் தீர்வதில்லை. பேச்சு நடக்கும் விதிகளை மாற்றிய இடங்களில் அது தணிந்திருக்கிறது.

இந்தப் பொருளை உலகப் பேச்சாக்கியது அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட் 2008-இல் எழுதிய ஒரு கட்டுரை. புகைப்பட முன்னோடி எட்வர்ட் மைபிரிட்ஜைப் பற்றி சோல்னிட் எழுதிய நூல் 2003-இல் வெளிவந்தது. அதே ஆண்டு கொலராடோவில் ஒரு விருந்தில், அவர் மைபிரிட்ஜைப் பற்றி எழுதுகிறவர் என்று கேட்ட உடனேயே விருந்து கொடுத்த ஆண் குறுக்கிட்டு, அந்த ஆண்டு வெளிவந்த மிக முக்கியமான மைபிரிட்ஜ் நூலைப் பற்றி அவருக்கு விளக்கத் தொடங்கினார். அது சோல்னிட் எழுதிய நூலே. உடன் இருந்த தோழி மூன்று நான்கு முறை சொன்ன பிறகுதான் அந்தச் செய்தி அந்த ஆணின் காதில் ஏறியது. அவர் அந்த நூலைப் படித்தவரும் அல்லர். அதைப் பற்றிய மதிப்புரையைத்தான் படித்திருந்தார். அந்தக் கட்டுரைக்குப் பிறகு, இந்த வழக்கத்தைக் குறிக்கும் ‘மேன்ஸ்பிளெயினிங்’ என்ற சொல் பிறந்து பரவியது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. அச்சொல்லை சோல்னிட் உருவாக்கவில்லை. அதன் மேல் தனக்குத் தயக்கம் உண்டென்றே அவர் எழுதியிருக்கிறார். அந்தத் தயக்கத்தின் காரணத்துக்குப் பின்னால் வருவேன். தமிழில் அதற்கென்று ஒரு தனிச்சொல் நிலைபெறவில்லை. ‘பாடம் எடுக்கிறார்’, ‘கிளாஸ் எடுக்கிறார்’ என்று சொல்கிறோம். ‘உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு’ என்ற வாக்கியமோ எந்தச் சொல்லும் பிறப்பதற்கு முன்பே நம் வீடுகளில் வழங்கி வந்தது.

சொல் புதிது, செயல் பழையது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் சுலபை என்னும் துறவிப் பெண்ணுக்கும் மிதிலை மன்னன் ஜனகனுக்கும் ஒரு விவாதம் வருகிறது. தன்னை விடுதலை பெற்ற ஞானி என்று சொல்லிக்கொள்ளும் ஜனகன், அவளுடைய ஞானத்தை அளந்து பார்ப்பதற்குப் பதில் அவள் இளம்பெண் என்பதையும், அவளது குலம் என்ன, அவள் யாருடையவள் என்பதையும் கிளறுகிறான். சுலபை முதலில் நல்ல பேச்சுக்கு இலக்கணம் என்ன என்று வகுத்துச் சொல்கிறாள். பிறகு, எல்லா வேறுபாட்டையும் கடந்ததாகச் சொல்பவனுக்கு இந்த வேறுபாடுகள் மட்டும் ஏன் கண்ணில் படுகின்றன என்று வாதத்தை அவன் பக்கமே திருப்புகிறாள். ஜனகனிடம் மறுமொழி இல்லை. பேச்சின் பொருளை விட்டுப் பேசுகிறவரின் உடலைப் பிடிப்பது எவ்வளவு பழைய உத்தி என்பதற்கும், அதற்கான பதிலும் அதே அளவு பழையது என்பதற்கும் இந்தக் கதை சான்று.

நம் மொழி மரபில் இதைவிடக் கூர்மையான ஒரு சான்று இருக்கிறது. தொல்காப்பியம் பெண்பாலுக்கு உரியனவாக அச்சம், நாண், மடன் மூன்றையும் சொல்கிறது. பிற்கால வழக்கு பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கியது. இவற்றுள் மடம் என்பதற்கு உரைமரபு தரும் பொருள், பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாமல் பற்றியிருத்தல். மக்கள் வழக்கிலோ தெரிந்தும் தெரியாததுபோல் இருத்தல் என்று பொருள் சொல்வார்கள். இரண்டு விளக்கங்களையும் அடுத்தடுத்து வைத்தால், பாடம் எடுக்கும் வழக்கத்தின் மறுபாதி துலங்கும். ஒருவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டுமானால் இன்னொருவர் தெரியாததுபோல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இன்னொருவரின் பாத்திரத்தைப் பெண்ணுக்கு அணிகலனாகப் பூட்டிவிட்டால், தனக்குத் தெரியும் என்று அவள் சொல்வதே குணக்கேடாகிவிடுகிறது. ‘வாயாடி’ என்ற சொல் பெரும்பாலும் பெண்ணையே குறிக்க வந்ததும், ‘பெண் புத்தி பின் புத்தி’ என்பது பழமொழியாக நிலைத்ததும் இந்த ஏற்பாட்டின் விளைவுகள். ஆக, விளக்குகிற ஆணின் தன்னம்பிக்கையும் கேட்கிற பெண்ணின் தயக்கமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை.

இனி ஆய்வுச் சான்றுகளுக்கு வருவோம். தொடக்கக் கால ஆய்வுகள் யார் அதிகம் பேசுகிறார், யார் குறுக்கிடுகிறார் என்ற எண்ணிக்கையிலேயே கவனம் வைத்தன. 1975-இல் டான் சிம்மர்மேன், கேண்டஸ் வெஸ்ட் இருவரும் ஆணும் பெண்ணும் பேசிய 11 உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். அவற்றில் நிகழ்ந்த 48 குறுக்கீடுகளில் 46 ஆண்களுடையவை. புகழ்பெற்ற ஆய்வு இது, ஆனால் மிகச் சிறியது. 1998-இல் கிறிஸ்டின் ஆண்டர்சன், கேம்பல் லீப்பர் இருவரும் 43 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். வேறுபாடு இருந்தது, ஆனால் அளவில் சிறியது. ஆர்வத்தால் இடையில் பேசுவதைத் தள்ளிவிட்டு, மற்றவர் பேச்சைப் பறிக்கும் குறுக்கீட்டை மட்டும் எடுத்தபோது அந்த வேறுபாடு கூடியது. பெண்கள்தான் ஓயாமல் பேசுகிறார்கள் என்ற பொதுநம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். 2007-இல் மத்தியாஸ் மேல் குழுவினர் 396 கல்லூரி மாணவர்களின் அன்றாடப் பேச்சைக் கருவி கொண்டு விட்டுவிட்டுப் பதிவு செய்தபோது இரு பாலாரும் நாளொன்றுக்குச் சுமார் 16,000 சொற்களே பேசினார்கள். ஆனால் கூட்டம், வகுப்பு, பணியிடம் போன்ற இடங்களில் நிலை மாறுகிறது. டெபோரா ஜேம்ஸ், ஜேனிஸ் டிராக்கிச் இருவரும் 1993-இல் பரிசீலித்த 56 ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண்கள் அதிகம் பேசியதாகக் கண்டன. பெண்கள் அதிகம் பேசியதாகக் கண்டவை இரண்டே. இந்த எண்கள் முரண்படவில்லை. பேச்சின் மொத்த அளவில் இரு பாலாரும் ஒன்றே. மதிப்பும் முடிவெடுக்கும் அதிகாரமும் உள்ள இடங்களில் மட்டும் அந்தப் பேச்சு ஒரு பக்கமாகச் சாய்கிறது. நாவின் நீளம் இதற்குக் காரணமல்ல, இடத்தின் மதிப்பே காரணம்.

எண்ணிக்கையைத் தாண்டி, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் யாரிடம் மிகுதி என்ற கேள்வி இன்னும் நெருக்கமானது. இதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் பிசா எனப்படும் பன்னாட்டு மாணவர் தேர்வில், 15 வயது மாணவர்களிடம் கணிதக் கருத்துகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். அவற்றில் மூன்று, உலகில் எங்குமே இல்லாத கற்பனைக் கருத்துகள். ஆங்கிலம் பேசும் ஒன்பது நாடுகளின் சுமார் 40,000 மாணவர்களின் விடைகளை ஜான் ஜெரிம் குழுவினர் 2019-இல் ஆராய்ந்தார்கள். இல்லாத கருத்துகளைத் தெரியும் என்று சொல்வதில் ஒன்பது நாடுகளிலும் சிறுவர்கள் சிறுமியரை முந்தினார்கள். வசதியான குடும்பத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளைவிட அதிகமாக அப்படிச் சொன்னார்கள். இந்த இரண்டாவது முடிவு மிக முக்கியமானது. பிறவிக் குணம்தான் காரணம் என்றால் செல்வம் அதை மாற்றக்கூடாது. தன் சொல் நம்பப்படும் என்று வளர்ந்த பிள்ளை தெரியாததையும் துணிந்து சொல்கிறது. தன் சொல் சோதிக்கப்படும் என்று வளர்ந்த பிள்ளை தெரிந்ததையும் தயங்கிச் சொல்கிறது.

அப்படியானால் பெண்ணிடம் உண்மையிலேயே அறிவு மிகுந்திருந்தால் நிலைமை தலைகீழாகுமா? இதை 1980-லேயே ஹெலினா லீட்-பெல்லெக்ரினி சோதித்தார். தொலைக்காட்சி வன்முறை குழந்தைகளைப் பாதிக்கிறதா என்று இருவர் இருவராகப் பேச வைத்து, சில இணைகளில் ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே தகவல்களைக் கொடுத்தார். தகவல் கிடைத்த ஆண்கள் அதைக் கொண்டு பேச்சை ஆண்டார்கள். தகவல் கிடைத்த பெண்களோ எதிரிலிருப்பவரை ஆதரித்தும் ஒப்புக்கொண்டும் பேசினார்கள். விஷயம் அறிந்த பெண்ணைவிட அறியாத ஆணே ஆளுமை மிக்கவராகப் பார்வையாளர்களுக்குப் பல நேரங்களில் தோன்றினார். நாற்பது ஆண்டு கழித்து, துறையின் உச்சியிலும் அதே நிழல் விழுவதைப் பார்க்கிறோம். அமெரிக்காவில் பொருளியல் கருத்தரங்குகளில் 2019-இல் நடந்த நானூறுக்கும் மேற்பட்ட உரைகளை பாஸ்கலின் டூபா குழுவினர் கவனித்துக் குறித்தார்கள். உரையாற்றிய பெண்களிடம் அதிகக் கேள்விகள் கேட்கப்பட்டன. அக்கேள்விகளில் ஏளனமும் பகைமையும் கலந்தவை கூடுதலாக இருந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களை ஆராய்ந்த டோன்யா ஜேக்கபி, டிலன் ஷ்வீயர்ஸ் இருவரும் 2017-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 2015-ஆம் ஆண்டு அமர்வில் நடந்த குறுக்கீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இருந்த மூன்று பெண் நீதிபதிகளை நோக்கியே வந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதி இருக்கையில் அமர்ந்தும் அந்த முன்முடிவு கழலவில்லை. படித்து முன்னேறினால் எல்லாம் சரியாகும் என்ற ஆறுதல் இங்கே உடைகிறது.

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளில் நடந்தவை, நமக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு விடை தமிழ்நாட்டின் கிராம சபைகளிலேயே கிடைக்கிறது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் தமிழ்நாட்டுக் கிராம சபைக் கூட்டங்களில் பேசப்பட்டவற்றைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கி, கணினி முறையில் அலசி, 2019-இல் வெளியிட்டார்கள். அந்தச் சபைகள் வெறும் சடங்கல்ல, மக்கள் அங்கே அதிகாரிகளைக் கேள்வி கேட்கிறார்கள் என்பது அவர்களுடைய முதல் முடிவு. இரண்டாவது முடிவு வருத்தம் தருவது. பெண்கள் பேசுவதற்கான வாய்ப்பு குறைவு. அவர்கள் எடுத்த பொருளைச் சபை தொடர்ந்து பேசுவது குறைவு. கேட்டதற்குப் பொருத்தமான பதில் அதிகாரிகளிடமிருந்து கிடைப்பதும் குறைவு. மூன்றாவது முடிவே என் வாதத்துக்கு உயிர்நாடி: ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், பெண்களின் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடியது. அங்கே எந்த ஆணுக்கும் யாரும் நற்குணம் போதிக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்தவர் மாறினார், அதனால் கீழே எழுந்து பேசியவரின் சொல்லுக்கு எடை வந்தது.

இந்த முன்முடிவு ஏன் வெறும் மரியாதைக் குறைவாக நின்றுவிடுவதில்லை என்பதை பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் மிராண்டா ஃபிரிக்கர் 2007-இல் எழுதிய நூலில் தெளிவாக்கினார். ஒருவர் யார் என்பதற்காகவே அவர் சொல்லின் நம்பகத்தைக் குறைத்து மதிப்பது, அறிகிறவர் என்ற தகுதியையே அவரிடமிருந்து பறிப்பதாகும் என்பது அவர் வாதம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிறிஸ்டி டாட்சன் 2011-இல் அடுத்த படியைச் சுட்டினார்: நம்பப்படமாட்டோம் என்று உணர்ந்தவர், சொல்ல வந்ததைத் தாமே சுருக்கி, விழுங்கிக்கொள்கிறார். இங்கேதான் வட்டம் முழுமையடைகிறது. பெண் பேசினால் பாடம் எடுக்கிறார்கள். பாடம் கேட்டு அலுத்தவர் பேசுவதை நிறுத்துகிறார். பேசாதவருக்கு ஒன்றும் தெரியாது என்று மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். தெரியாதவருக்குப் பாடம் எடுப்பதில் தவறென்ன என்று மீண்டும் தொடங்குகிறார்கள். இதில் இழப்பு பெண்ணுக்கு மட்டுமல்ல. தெருக் குழாயில் எந்த நேரத்தில் தண்ணீர் நிற்கிறது, ரேஷன் கடையில் என்ன நடக்கிறது, பள்ளிக் கழிப்பறை எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றை அன்றாடம் அறிந்தவர்கள் வாய் திறக்காத ஊரில், ஊராட்சி எடுக்கும் முடிவுகளும் அரைகுறையாகவே இருக்கும்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். எவ்வளவோ கொடுமைகள் இருக்கும் நாட்டில் பேச்சில் வரும் இந்தச் சின்ன உறுத்தலைப் பெரிதாக்கலாமா என்பது முதலாவது. வன்முறையையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடும் நீர் ஒன்றே: பெண்ணின் சொல்லை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155-ஆம் பிரிவில் ஒரு விதி நெடுங்காலம் இருந்தது. வன்புணர்வு வழக்கில் புகார் சொன்ன பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவர் என்று காட்டி, அவர் சாட்சியத்தின் நம்பகத்தைத் தகர்க்க அது இடம் கொடுத்தது. அவர் சொன்னது உண்மையா என்று பார்ப்பதற்குப் பதில் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்தார்கள். 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் அந்த விதி நீங்கியது. சாப்பாட்டு மேசையில் ‘உனக்கென்ன தெரியும்’ என்பதும், நீதிமன்றத்தில் ‘இவள் சொல்லை நம்பலாமா’ என்பதும் தூரத்து உறவினர்கள் அல்ல. வீட்டில் பழகிய காதுகள்தாம் நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் போகின்றன.

பெண்களும்தான் பாடம் எடுக்கிறார்கள் என்பது இரண்டாவது எதிர்வாதம். இது உண்மை. மாமியார் மருமகளுக்கு எடுக்கிறார், மேலாளராக இருக்கும் பெண் கீழே வேலை செய்பவருக்கு எடுக்கிறார், நகரத்துப் படித்த பெண் கிராமத்துப் பெண்ணுக்கு எடுக்கிறார். ஆனால் இந்த உதாரணங்கள் என் வாதத்தைப் பலப்படுத்துகின்றன. ஒவ்வொன்றிலும் பாடம் மேலிருந்து கீழாகவே பாய்கிறது. வயது, பதவி, படிப்பு, சாதி, பணம் ஆகிய ஏணிகள் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. பாலினம் அந்த ஏணிகளில் ஒன்று, மற்ற ஏணிகளோடு பின்னிக் கிடப்பது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான பட்டியலினப் பெண் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. தரையில் அமர்த்தப்பட்டவரின் சொல்லுக்கு அந்தக் கூட்டத்தில் என்ன எடை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், பாலினத்தை மட்டும் தனியே பிரித்து இந்தச் சிக்கலை முழுதாக விளக்க முடியாது என்பது புரியும். அதற்காகப் பாலினத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவும் முடியாது. வயதும் பதவியும் படிப்பும் சமமாக இருக்கும் இருவரிடையே, நீதிபதிகளிடையேகூட, எஞ்சி நிற்கும் ஏணி அதுதான்.

ஆணும் பெண்ணும் பேசும் பாங்கு வேறு, அதில் யாரும் குற்றவாளி இல்லை என்பது மூன்றாவது. இதன் நல்ல வடிவத்தை மொழியியலாளர் டெபோரா டேனன் 1990-இல் எழுதிய நூலில் காணலாம். ஆண்களுக்குப் பேச்சு தகவலையும் தகுதியையும் காட்டும் களம், பெண்களுக்கு உறவைப் பேணும் வழி, ஆகவே ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றார் அவர். பல குடும்பச் சச்சரவுகளை இது தெளிவாக்குகிறது. ஆனால் வெறும் பாங்கின் வேறுபாடு என்றால் சில நேரம் ஆணும் சில நேரம் பெண்ணும் நட்டப்பட வேண்டும். இங்கே இழப்பு ஒரு பக்கமே குவிகிறது. தனக்கு நட்டமே வராத தவறான புரிதலைத் திருத்திக்கொள்ள யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. இதோடு சேர்ந்தது நல்லெண்ண வாதம்: உதவத்தானே சொன்னேன், இதில் என்ன அவமதிப்பு என்கிறார்கள். பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்பதை நானும் நம்புகிறேன். நல்லெண்ணத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. எதிரே இருப்பவர் ‘எனக்கு இது தெரியும்’ என்று சொன்னதும் மகிழ்ந்து, ‘அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்கிறவர் உதவ வந்தவர். அதைக் கேட்டு முகம் சுருங்கி, குரலை உயர்த்தித் தொடர்கிறவர் உதவ வரவில்லை.

நான்காவது எதிர்வாதம் மிகக் கனமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லே ஓர் ஆயுதமாகிவிட்டது, ஆண் எதைச் சொன்னாலும் ‘பாடம் எடுக்காதே’ என்று வாயை அடைக்கிறார்கள் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஒருவர் சொன்னது சரியா தவறா என்று பாராமல், சொன்னவர் ஆண் என்பதாலேயே தள்ளுவது, ஜனகன் சுலபைக்குச் செய்த அதே தவறுதான். சோல்னிட்டின் தயக்கமும் இதுவே. ஆண்கள் பிறப்பிலேயே இந்தக் குறை உள்ளவர்கள் என்ற எண்ணத்தின் பக்கம் அச்சொல் சற்று அதிகமாகச் சாய்கிறது, சிலர் விளக்கக்கூடாததை விளக்குகிறார்கள், கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை என்பதே உண்மை என்பது அவர் கருத்து. ஆகவே குற்றச்சாட்டுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். மாற்றுக் கருத்து சொல்வது பாடம் எடுப்பதாகாது. தவறைத் திருத்துவதும் ஆகாது. மேலே சொன்ன மூன்று அடையாளங்களும், குறிப்பாக மூன்றாவது, இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அளவுகோல் இல்லாமல் வீசினால், உண்மையான அவமதிப்பைச் சுட்டும் நாளில் அந்தச் சொல் மழுங்கிப்போயிருக்கும். அதன் நட்டமும் பெண்களுக்கே.

தீர்வைப் பற்றிச் சான்றுகள் சொல்வது ஊக்கம் தருகிறது. கிறிஸ்டோபர் கார்போவிட்ஸ், டாலி மெண்டல்பெர்க், லீ ஷேக்கர் மூவரும் 2012-இல் வெளியிட்ட சோதனையில் ஐந்து ஐந்து பேராக 94 குழுக்கள் அமைத்து விவாதிக்க வைத்தார்கள். பெண்கள் சிலராக இருந்து, பெரும்பான்மை வாக்கால் முடிவெடுத்த குழுக்களில், அவர்கள் தங்களுக்குரிய சமபங்கைவிட மிகக் குறைவாகவே பேசினார்கள். எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு என்று விதியை மாற்றியதும், பெண்கள் சிலராகவே இருந்த குழுக்களிலும் அந்த இடைவெளி மறைந்தது. மனிதர்கள் அதே வகையினர்; விதி ஒன்றுதான் மாறியது. பத்து நாடுகளில் 247 கருத்தரங்குகளைக் கவனித்து அலெசியா கார்ட்டர் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கேள்வியை ஆண் கேட்ட அரங்குகளில் பெண்களின் கேள்விகள் மேலும் குறைந்திருந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல், பொதுவான கேள்வி நேரத்துக்குப் பின் ஒவ்வொரு நீதிபதிக்கும் வரிசையாகத் தனி முறை கொடுக்கத் தொடங்கியது. குறுக்கீடு பற்றிய ஆய்வுகளும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் பின்னர் சொன்னார். தமிழ்நாட்டு ஊராட்சிகளின் இடஒதுக்கீடும் இதே வரிசையில் சேர்கிறது. 1992-இன் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை உறுதி செய்தது, தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. தலைவரின் கணவரே கூட்டம் நடத்தும் ஊர்கள் இன்றும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அங்கே விதி ஏட்டில் இருக்கிறது, நாற்காலியில் இல்லை. அதனால் அந்த ஊர்களைக் காட்டி விதி பயனற்றது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கும் இப்படி விதிகள் உண்டு. அவற்றை எழுதச் சட்டமன்றம் வேண்டாம். விளக்கத் தொடங்கும் முன் ‘இதைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்’ என்று கேட்கலாம். கேட்ட பிறகு வரும் பதிலை நம்பலாம். பெண் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டால், அருகில் இருப்பவர் ‘அவர் சொல்லி முடிக்கட்டும்’ என்று சொல்லலாம். சோல்னிட்டின் தோழி செய்தது அதைத்தான், அதுவும் மூன்று நான்கு முறை. மகளுக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று உரக்கச் சொல்லவும், மகனுக்குத் தெரியாததைத் தெரியாது என்று வெட்கமின்றிச் சொல்லவும் கற்றுக்கொடுக்கலாம். மடத்தைப் பெண்ணின் அணிகலனாக வைத்த காலம் முடிந்துவிட்டது என்று மேடையில் சொல்வது எளிது. அது முடிந்ததா என்பதைக் காட்டும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் அது நம் ஊர்களில் கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் முதல் பேச்சை ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள். அவர் முடிக்கும் வரை யாரும் இடையில் விளக்கம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டதற்கு அங்கேயே, அவரைப் பார்த்துப் பதில் சொல்லச் செய்யுங்கள்.